பாலைவன வெப்பத்திற்கேற்ற எல்.இ.டி. விளக்குகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எல்.இ.டி. விளக்கின் பெட்டி மீது மூன்று எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும்: எத்தனை வாட், எத்தனை லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு), எத்தனை மணி நேர ஆயுள். வேறு வெப்பநிலை குறிப்பிடப்படாத வரையில், இம்மூன்றும் காற்றின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக நிலைநிறுத்தப்பட்ட ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவை என்றே கொள்ள வேண்டும். கோடைப் பகலில் 48 டிகிரியைத் தொடுகிற, நள்ளிரவிலும் 35 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிற ஒரு பாலைவன ஊரில் அதே விளக்கைப் பொருத்தும்போது அந்த எண்கள் அப்படியே நிற்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆகவே பாலை நிலத்தில் விளக்கு வாங்குபவர் ஒவ்வோர் எண்ணையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எந்த வெப்பநிலையில் உண்மை?

வெப்பம் எதைக் கெடுக்கிறது

பழைய இழை பல்புக்குச் சுற்றுப்புற வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. அதன் டங்ஸ்டன் இழை 2,400 டிகிரி அளவில் கனன்றுகொண்டிருக்கையில், வெளிக்காற்று 20 டிகிரியாக இருந்தாலும் 50 டிகிரியாக இருந்தாலும் இழைக்கு வேறுபாடு தெரியாது. மேலும் அதன் வெப்பத்தின் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளியேறிவிடும். எல்.இ.டி. அப்படிப்பட்டதன்று. அது ஒரு குறைக்கடத்திச் சில்லு. தனக்குள் செல்லும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை அது வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பம் ஒளியோடு சேர்ந்து வெளியேறாமல், சில்லின் அடிப்பகுதி வழியாக உலோகத் தகட்டுக்கும், அங்கிருந்து அலுமினிய உடலுக்கும், பின்னர்தான் காற்றுக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றே சூடாக இருந்தால், அந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதே அளவுக்கு மேலே ஏறிவிடும். எடுத்துக்காட்டாக, ஒரு விளக்கின் சில்லு எப்போதும் காற்றைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால், 25 டிகிரிச் சூழலில் அது 65 டிகிரியிலும், 50 டிகிரிச் சூழலில் 90 டிகிரியிலும் வேலை செய்யும்.

இதன் விளைவு மூன்று இடங்களில் தெரியும். முதலாவதாக, சில்லு சூடாகச் சூடாக அதே மின்சாரத்திற்குக் குறைவான ஒளியே கிடைக்கும். இது உடனடி இழப்பு, சில்லு குளிர்ந்தால் திரும்பிவிடும். இரண்டாவதாக, சில்லின் ஒளியை வெள்ளையாக்க அதன் மேல் பூசப்பட்ட பாஸ்பரும் அதை மூடியிருக்கும் சிலிக்கோனும் விரைவில் மூப்படைந்து, ஒளி நிரந்தரமாக மங்கும், நிறமும் மாறும். மூன்றாவதும் மிக முக்கியமானதும் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கேற்ற நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் மின்னணுச் சுற்று. வெப்பமான ஊர்களில் ‘எல்.இ.டி. போய்விட்டது’ என்று தூக்கி எறியப்படும் விளக்குகளைப் பிரித்துப் பார்த்தால், பல வேளைகளில் சில்லுகள் நலமாகவே இருக்கும். செத்துப்போயிருப்பது டிரைவராக இருக்கும்.

உங்கள் விளக்கு வாழப்போகும் வெப்பநிலையை முதலில் கணியுங்கள்

வானிலை நிலையம் சொல்லும் வெப்பநிலை, நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளுயரத்தில் அளக்கப்படுவது. உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கும் 56.7 டிகிரி, கலிபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவானது. தார் பாலைவனத்து பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. இவையெல்லாம் நிழலின் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. வெயிலில் கிடக்கும் மொட்டைமாடியின் கீழே, பொய்க்கூரைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட அடைந்த இடத்தில், வெளியே 45 டிகிரி இருக்கும்போது 60 டிகிரியைத் தாண்டுவது வியப்பில்லை. குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருப்பவருக்கு 24 டிகிரி. அவர் தலைக்கு மேல் கூரைக்குள் புதைக்கப்பட்டிருக்கும் டவுன்லைட்டின் முதுகுக்கு 60 டிகிரி. விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டியது அந்த முதுகின் வெப்பநிலையைத்தான்.

தெருவிளக்கு, மதில்விளக்கு போன்றவற்றிற்கு வேறொரு கணக்கு உண்டு. அவை இரவில் மட்டுமே எரிவதால், பகலின் உச்ச வெப்பம் அவற்றின் இயக்க வெப்பம் அன்று. உள்நாட்டுப் பாலைகளில் தெளிந்த வானம் தரையின் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்வதால், இரவு நன்றாகவே குளிரும். அங்கே ஓர் இரவு விளக்கின் நிலை நாம் அஞ்சும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் கடலோரப் பாலைகள் வேறு. ஈரக்காற்று வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓமானின் கடலோர ஊரான குரியாத்தில் 2018 ஜூன் மாத இறுதியில் ஒரு முழு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6 டிகிரியாக இருந்தது. அத்தகைய இடத்தில் இரவு விளக்கும் பகல் விளக்கைப் போலவே வதைபடும். அதோடு, நாள் முழுவதும் வெயிலில் காய்ந்த உலோக உடல் அந்தியில் விளக்கு எரியத் தொடங்கும்போதும் சூடாகவே இருக்கும்.

எனவே வாங்கப் புறப்படும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: விளக்கு எங்கே இருக்கும், எந்த நேரத்தில் எரியும், அங்கே அந்த நேரத்தில் காற்றின் வெப்பம் அதிகபட்சம் எவ்வளவு. ஒரு சாதாரண வெப்பமானியைக் கோடையின் ஒரு மதியம் கூரைப் பொந்துக்குள் வைத்து எடுத்தாலே போதும். இந்த ஓர் எண் கையில் இல்லாமல் செய்யப்படும் எந்தத் தேர்வும் ஊகமே.

டி.ஏ. என்ற சிறு குறி

விளக்குகளின் பாதுகாப்புக்கான உலகத் தரநிலை, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60598. அதன்படி ஒவ்வொரு விளக்குச் சாதனத்திற்கும் ‘டி.ஏ.’ (ta) எனப்படும் அதிகபட்சச் சூழல் வெப்பநிலை உண்டு. அது 25 டிகிரியாக இருந்தால் பெயர்ப்பட்டையில் குறிப்பிட வேண்டிய கட்டாயமில்லை. வேறாக இருந்தால் மட்டுமே குறிக்க வேண்டும். இதன் பொருளை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்: பட்டையில் டி.ஏ. மதிப்பே இல்லாத ஒரு விளக்கு, 25 டிகிரிக்காக மட்டுமே பாதுகாப்பு உறுதி செய்யப்பட்ட விளக்கு. தரநிலை அந்த மதிப்பைவிட 10 டிகிரி வரை தற்காலிகமாகக் கூடுவதைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் பாலைவனத்தின் நான்கைந்து மாதக் கோடையைத் தற்காலிகம் என்று யாரும் சொல்ல முடியாது.

டி.ஏ. என்பது பாதுகாப்பின் எல்லை. ஒளியின் அளவுக்கும் ஆயுளுக்கும் அது உறுதி தருவதில்லை. அதற்கென ‘டி.கியூ.’ (tq) என்ற இன்னொரு மதிப்பு இருக்கிறது. அறிவிக்கப்பட்ட லூமெனும் ஆயுளும் எந்தச் சூழல் வெப்பநிலைக்குப் பொருந்தும் என்பதை அது சொல்கிறது. டி.ஏ. 50 என்று பெருமையாக அச்சிட்டுவிட்டு, டி.கியூ. 25 என்று தரவுத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் விளக்குகள் உண்டு. அத்தகைய விளக்கு 50 டிகிரியில் தீப்பற்றாது, அவ்வளவே. 50,000 மணி நேரம் உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தரவில்லை. இரண்டு மதிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். என் கருத்தில், பாலைவனத்தில் திறந்த வெளிக்கு டி.ஏ. 50 என்பது குறைந்தபட்சம். பகலிலும் எரிய வேண்டிய இடங்களுக்கும், காற்றோட்டமில்லாத கூரைப் பொந்துகளுக்கும் 55 அல்லது 60 வேண்டும். அத்தகைய விளக்குகள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் உயரத்தில் ஏணி வைத்து ஒருமுறை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் சிறிதாகவே தெரியும்.

தனி பல்புகளில் டி.ஏ. குறி அரிது. அங்கே ‘மூடிய கூண்டுகளில் பயன்படுத்தக் கூடாது’ என்ற எச்சரிக்கையைத் தேடுங்கள். கண்ணாடிக் குடுவைக்குள்ளோ கிண்ணம் போன்ற மூடிக்குள்ளோ போடும் பல்பு தன் வெப்பத்தில் தானே வேகும். அந்த எச்சரிக்கை இருக்கும் பல்பு வெப்ப நாட்டில் திறந்த ஹோல்டருக்கு மட்டுமே உரியது. கூரைக்குள் புதைக்கும் விளக்காயின், வெப்பக்காப்புப் பஞ்சால் மூடலாமா கூடாதா என்பதைக் காட்டும் குறியையும் பார்க்க வேண்டும். கூடாது என்றால் பஞ்சை விலக்கி இடம் விடுவது தீ விபத்தைத் தவிர்ப்பதற்கான கட்டாயம்.

சான்றிதழ்களைப் படிக்கும் முறை

சான்று என்ற சொல் பல தரத்துப் பொருள்களை மறைக்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கான ‘சி.ஈ.’ குறி, விளக்குகளைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் தானே செய்யும் அறிவிப்பு. மூன்றாம் தரப்பு எவரும் சோதித்ததற்கு அது சாட்சியன்று. ஐரோப்பாவின் ‘ஈனெக்’ குறி அப்படியன்று. சுதந்திரமான அமைப்பொன்று சோதித்த பிறகே தரப்படும், எந்த அமைப்பு என்பதைக் குறிக்கும் எண்ணும் அருகில் இருக்கும். அதன் விரிவான ‘ஈனெக் பிளஸ்’ பாதுகாப்போடு செயல்திறனையும் சரிபார்க்கிறது. ஐ.இ.சி. அமைப்பின் ‘சி.பி.’ சோதனைச் சான்று பல நாடுகளில் ஏற்கப்படுகிறது. இந்தியாவில் விற்கப்படும் எல்.இ.டி. பல்புகளுக்கு ஐ.எஸ். 16102, விளக்குச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 10322 ஆகிய தரநிலைகளின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு தேவை. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொருளின் மேல் இருக்கும். மின்சிக்கனத்தின் அளவை அங்கே எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரச் சிட்டை காட்டுகிறது. சவுதி அரேபியாவில் அந்நாட்டுத் தர அமைப்பான சாசோவின் 2870 என்ற தரநிலையும் அதன் தொடர்ச்சிகளும் விளக்குகளின் மின்திறனுக்குக் குறைந்தபட்ச அளவை விதித்துச் சிட்டையையும் கட்டாயமாக்கியுள்ளன. ஐக்கிய அரபு அமீரகம் 2014 முதல் திறன் குறைந்த விளக்குகளைச் சந்தையிலிருந்து விலக்கும் விதியை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கனத் திட்டம் விளக்குகளுக்கான தன் சான்றை 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே புதிய விளக்கொன்றில் அந்தக் குறியைக் கண்டால் அதன் தேதியைக் கேட்க வேண்டும்.

குறி எதுவாயினும், அதன் எண்ணை வழங்கிய அமைப்பின் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். மாதிரி எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 30 வாட் விளக்குக்குப் பெற்ற சான்றை 100 வாட் விளக்கின் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பது நடக்கிற காரியம். வெப்பத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் முற்றிலும் வேறு பொருள்கள்.

பாதுகாப்புச் சான்றைத் தாண்டி, மூன்று சோதனை அறிக்கைகளைக் கேட்கலாம். பெருமளவில் வாங்குவோர் கேட்டே ஆக வேண்டும். எல்.எம்.-79 அறிக்கை முழு விளக்கின் லூமென், வாட், நிறம் ஆகியவற்றைத் தருகிறது. 25 டிகிரியில் எடுத்தது என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். எல்.எம்.-80 அறிக்கை விளக்கைப் பற்றியதன்று, அதனுள் இருக்கும் எல்.இ.டி.யைப் பற்றியது. அதைக் குறைந்தது 6,000 மணி நேரம், வழக்கமாக 55 டிகிரி, 85 டிகிரி என்று எல்.இ.டி.யின் மேலுறை சூடாக இருக்கும் நிலைகளில் எரிய விட்டு, ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். டி.எம்.-21 என்பது அந்த அளவீடுகளிலிருந்து ஆயுளைக் கணிக்கும் முறை. அந்தக் கணிப்பு, சோதனை நடந்த காலத்தின் ஆறு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இங்கேதான் வாங்குபவரின் கையில் ஓர் எளிய ஆயுதம் இருக்கிறது. சோதனை 6,000 மணி நேரம் நடந்திருந்தால், நேர்மையாகச் சொல்லக்கூடிய அதிகபட்ச ஆயுள் 36,000 மணி. பெட்டியில் 1,00,000 மணி என்று அச்சிட்டிருந்தால், அதற்கு ஏறத்தாழ 17,000 மணி நேரச் சோதனை இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்பதோடு நிற்காமல், அந்த அறிக்கையின் 55 டிகிரிப் பத்தியைப் பார்க்கிறீர்களா, 85 டிகிரிப் பத்தியைப் பார்க்கிறீர்களா என்பதிலும் கவனம் வேண்டும். பாலைவனத்துக்குப் பொருந்துவது பெரும்பாலும் 85 டிகிரிப் பத்திதான். முழு விளக்குக்குள் வைத்து, அந்தச் சூழல் வெப்பத்தில், எல்.இ.டி.யின் உறை எவ்வளவு சூடாகிறது என்று வெப்ப உணரி ஒட்டி அளந்த அறிக்கை ஒன்றும் இருந்தால், எந்தப் பத்தி பொருந்தும் என்ற ஐயத்துக்கே இடமில்லை.

ஆயுள் எண்ணின் பக்கத்தில் ‘எல்70’, ‘எல்80’, ‘பி50’, ‘பி10’ போன்ற குறிகள் இருக்கும். எல்80 என்றால் தொடக்க ஒளியில் 80 விழுக்காடு எஞ்சும் காலம். பி10 என்றால் அந்தக் காலத்தில் நூற்றுக்குப் பத்து விளக்குகள் அந்த அளவுக்கும் கீழே போயிருக்கலாம் என்பது. எல்70 பி50, 50,000 மணி என்பதைவிட எல்80 பி10, 50,000 மணி என்பது பல மடங்கு கடினமான வாக்குறுதி. நாளுக்கு 12 மணி நேரம் எரியும் விளக்குக்கு 50,000 மணி என்பது பதினொன்றரை ஆண்டுகள். ஆனால் இவை அனைத்தும் ஒளி மங்குவதைப் பற்றியவை மட்டுமே. டிரைவர் திடீரென்று செத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி இவை எதுவும் பேசுவதில்லை.

டிரைவரே விளக்கின் உயிர்

டிரைவருக்குள் இருக்கும் மின்பகு கண்டென்சர் என்ற சிறு உருளைக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல ஆவியாகிக்கொண்டே போகும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் கணக்கு. 105 டிகிரியில் 5,000 மணி என்று மதிப்பிடப்பட்ட நல்ல கண்டென்சரை எடுத்துக்கொள்வோம். அது 75 டிகிரியில் இருந்தால் மூன்று முறை இரட்டித்து 40,000 மணி உழைக்கும்; 85 டிகிரியில் 20,000 மணிதான். வெறும் 10 டிகிரி வேறுபாடு, இரவு முழுவதும் எரியும் விளக்கின் வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளைப் பறித்துவிடுகிறது. 85 டிகிரிக்கு மட்டுமே மதிப்பிடப்பட்ட மலிவுக் கண்டென்சர் போட்ட பல்பின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

தனியாகக் கழற்றக்கூடிய டிரைவர் என்றால், அதன் உறையில் ‘டி.சி.’ (tc) என்று குறித்த ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியின் வெப்பநிலை எவ்வளவு வரை போகலாம் என்பதும் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். நல்ல உற்பத்தியாளர்கள் அந்தப் புள்ளியின் வெப்பத்துக்கும் டிரைவரின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகவே வெளியிடுகிறார்கள். அந்த வரைபடம் தரப்படாத டிரைவரை நான் பாலைவன வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சிலிக்கோன் கலவை ஊற்றி நிரப்பப்பட்ட டிரைவர் வெப்பத்தை உறைக்கு நன்றாகக் கடத்தும், ஈரத்தையும் தூசியையும் தடுக்கும். டிரைவரும் எல்.இ.டி. தகடும் விளக்கின் தனித்தனி அறைகளில் இருப்பது, ஒன்றின் சூட்டில் மற்றொன்று வேகாமல் காக்கும். கம்பத்தின் அடிப்பெட்டியில் டிரைவரை வைக்க முடிந்தால் பராமரிப்புக்கும் எளிது. டிரைவரை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். முடியாதென்றால், ஒரு கண்டென்சருக்காக முழு விளக்கையும் குப்பையில் போட வேண்டி வரும்.

வெப்பம் எல்லை மீறும்போது தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி பல டிரைவர்களில் உண்டு. அது இருக்க வேண்டும். எந்த வெப்பநிலையில் குறைக்கத் தொடங்குகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 45 டிகிரிச் சூழலிலேயே குறைக்கத் தொடங்கினால், கோடை இரவுகளில் எல்லாம் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஒளி உங்களுக்குக் கிடைக்காது.

மணல், வெயில், உப்பு

வெப்பத்தைத் தவிர்த்த பகைகளில் முதலில் வருவது தூசி. விளக்கின் கூடு எவ்வளவு காப்புடையது என்பதை ஐ.பி. (IP) எண் காட்டும். அதன் முதல் இலக்கம் தூசியைப் பற்றியது: 5 என்றால் கொஞ்சம் தூசி புகலாம், 6 என்றால் புகவே கூடாது. இரண்டாவது இலக்கம் நீரைப் பற்றியது. மழை அரிதான ஊரில் நீர்க்காப்பு எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தூசி படிந்த விளக்குகளை நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கும் என்பதாலேயே அது தேவை. திறந்த வெளிக்கு ஐ.பி. 65க்குக் குறையாமலும், மணற்புயல் அடிக்கடி வீசும் இடத்தில் ஐ.பி. 66ஆகவும் இருப்பது நல்லது. ஆனால் இந்தச் சோதனை, புத்தம் புதிய விளக்கை டால்கம் தூள் பறக்கும் பெட்டிக்குள் வைத்து நடத்தப்படுவது. மூன்று கோடைகளில் இறுகிப் போன ரப்பர் வளையம் எப்படி இருக்கும் என்பதை அது காட்டாது. ஆகையால் வளையம் சிலிக்கோனால் ஆனதா என்று கேட்பது ஐ.பி. எண்ணைக் கேட்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. பகல் வெயிலில் விளக்கின் உள்காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. முற்றிலும் மூடிய கூடு, சுருங்கும்போது வெளிக்காற்றை வளையத்தின் இடுக்கு வழியே உறிஞ்சப் பார்க்கும். அதனோடு நுண்தூசியும், கடலோரமாயின் ஈரமும் உள்ளே வரும். கண்ணாடிக்கு உட்புறம் நீர்த்திவலை படிந்த விளக்குகள் பெரும்பாலும் இப்படிக் கெட்டவை. காற்றை மட்டும் விட்டு, நீரையும் தூசியையும் தடுக்கும் சவ்வு பொருத்திய சுவாசத் துளை இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். பார்வைக்கு ஒரு சிறு திருகாணி போல இருக்கும் அதை, விளக்கைக் கையில் எடுத்ததும் தேடிப் பாருங்கள்.

உடல் வார்ப்பு அலுமினியமாக இருக்கட்டும். அதன் முதுகில் வெப்பத்தை வெளியேற்ற அமைந்த துடுப்புகளின் இடைவெளி மணலைத் தேக்கி வைக்கும் கிண்ணமாக ஆகிவிடக் கூடாது. படிந்த மணல் போர்வை போலச் செயல்பட்டு வெப்பத்தை அடைத்துவிடும். மேற்புறம் வழுவழுப்பாகவும் சரிவாகவும், துடுப்புகள் செங்குத்தாகவும் காற்று ஊடுருவும்படியும் அமைந்த வடிவமே பாலைக்கு ஏற்றது. வண்ணத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: கருப்பு வெப்பத்தை நன்றாக வெளியிடும் என்பார்கள். பூச்சு எந்த நிறமானாலும் அறை வெப்பநிலை அளவிலான வெப்பக் கதிரை வெளியிடுவதில் கருப்புக்கும் வெள்ளைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெயிலை உறிஞ்சுவதில்தான் பெரும் வேறுபாடு. எனவே வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்.

முகப்பு மூடிக்குக் கடினமாக்கப்பட்ட கண்ணாடி சிறந்தது. பாலிகார்பனேட் உடையாது என்பது உண்மைதான். ஆனால் புறஊதாக் காப்பு இல்லாத பாலிகார்பனேட் மஞ்சளாகும், மணல் உரசி மங்கும். கல்லெறிக்கு அஞ்சும் இடங்களில், மோதலைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஐ.கே. (IK) எண்ணில் 08 அல்லது 20 ஜூல் மோதலைத் தாங்கும் ஐ.கே. 10 தரமுள்ளதைக் கேட்கலாம். கடலோரத்தில் செம்பு குறைந்த அலுமினியக் கலவையும், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் வேண்டும். இணைப்பு வயரின் வெப்பத் தாங்கு திறனையும் பாருங்கள்; 70 டிகிரிக்கு மட்டுமே ஏற்ற சாதாரண பி.வி.சி. வயர் சூடான விளக்கினுள் நொறுங்கிப் போகும்.

வறண்ட மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால் நிலத்தொடர்பு வலுவாக அமைவது கடினம். மின்னழுத்தப் பாய்ச்சல் வரும்போது அது தரைக்குப் போகாமல் டிரைவரைத் தாக்கும். வெளிவிளக்குகளுக்கு 10 கிலோவோல்ட் தாங்கும் பாய்ச்சல் தடுப்பான் வேண்டும். நிலத்தொடர்புத் தடியை ஈரம் எட்டும் ஆழத்துக்கு இறக்கி, மின்தடையை அளந்து உறுதிப்படுத்துங்கள்.

மின்சிக்கனம்

ஒளித்திறன் என்பது ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதே. இழை பல்பு 10 முதல் 15 வரை தரும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரில் திருத்தி அமைத்த சிட்டையில் ஏ முதல் ஜி வரை ஏழு படிகள் உள்ளன. வாட்டுக்கு 210 லூமெனுக்குக் குறையாதவை மட்டுமே ஏ. 110 முதல் 135 வரை உள்ளவை ஈ படியில் இருக்கும். பழைய ‘ஏ பிளஸ் பிளஸ்’ குறியோடு இன்னும் விற்கப்படும் சரக்கை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெப்ப நாட்டில் திறன் மிகுந்த விளக்கு தரும் பயன் இரட்டிப்பானது. குளிரூட்டப்பட்ட அறைக்குள் விளக்கு உண்ணும் ஒவ்வொரு வாட்டும் இறுதியில் வெப்பமாகிறது, அதை ஏ.சி. வெளியேற்ற வேண்டும். மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஒரு வாட் மின்சாரம் எடுக்கும் ஏ.சி. என்று வைத்துக்கொண்டால், 60 வாட் பல்பை 6 வாட் எல்.இ.டி.யாக மாற்றும்போது மிச்சம் 54 வாட் மட்டுமன்று, ஏ.சி.யில் 18 வாட் சேர்ந்து 72 வாட்.

திறனும் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு நல்ல சான்று, துபாய் மாநகராட்சி 2016இல் பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்த ‘துபாய் லேம்ப்’. வாட்டுக்கு 200 லூமென் தரும் அந்தப் பல்பின் உத்தி எளிமையானது: வழக்கத்தைவிடக் கூடுதலான எல்.இ.டி. இழைகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக் கொடுப்பது. எல்.இ.டி.யில் மின்னோட்டம் குறையக் குறையத் திறன் கூடும், சூடும் குறையும். இதே கொள்கையை நீங்கள் எந்த விளக்கிலும் பயன்படுத்தலாம். 60 வாட் போதும் என்ற இடத்திற்கு, 100 வாட் தாங்கும் உடலுள்ள மாதிரியை வாங்கி, மின்னோட்டத்தை 60 வாட் அளவுக்குக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள். மாற்றியமைக்கக்கூடிய டிரைவர்களில் இது சில நிமிட வேலை. பாலைவனத்தில் ஆயுளை நீட்டிக்க இதைவிட உறுதியான வழியை நான் அறியேன்.

வெளிவிளக்கின் நிறம் 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம்; இந்த எண் கூடக் கூட ஒளி நீலச்சாயல் கொண்ட குளிர்வெள்ளையாகும். குளிர்வெள்ளை சிறிதளவு கூடுதல் லூமென் தரும் என்பது உண்மை. ஆனால் அதன் நீலக்கூறு பூச்சிகளை ஈர்க்கிறது, தூசி நிறைந்த காற்றில் கண்ணைக் கூசச் செய்கிறது, பாலைவனத்தின் அருமையான இருண்ட வானத்தையும் கெடுக்கிறது.

சூரியமின் விளக்குகளில் எல்.இ.டி.க்கு முன்பாகவே மின்கலம்தான் தோற்கும். சூரியத் தகடு, மின்கலம், விளக்கு மூன்றும் ஒரே உடலில் அடங்கிய வகையில், மின்கலம் நண்பகல் வெயிலில் தகட்டின் அடியிலேயே வேகிறது. சார்ஜ் ஏறுவதும் அதே நேரத்தில்தான். பெரும்பாலான லித்தியம் மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப வரம்பு 45 முதல் 60 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே மின்கலம் நிழலிலோ மண்ணுக்கடியிலோ தனிப்பெட்டியில் இருக்கும் அமைப்பையும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையும் தேர்ந்தெடுப்பதே முறை. சிலிக்கான் தகட்டின் திறன், அதன் கலம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். 65 டிகிரியில் 12 முதல் 16 விழுக்காடு போய்விடும். தூசி படிவது இதற்கும் மேலே. அந்த இழப்புகளைக் கணக்கில் சேர்த்துத் தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.

மொத்தமாக வாங்கும் முன்

இரண்டு விளக்குகளை மாதிரியாக வாங்கி, உண்மையான இடத்தில், கோடையில் பொருத்துங்கள். டிரைவரின் டி.சி. புள்ளியில் வெப்ப உணரியை ஒட்டி, நான்கைந்து மணி நேரம் எரிந்து வெப்பம் நிலைபெற்ற பின் அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் பளபளக்கும் உலோகத்தை அளந்தால் தவறான குறைந்த மதிப்பே காட்டும். அளக்கும் இடத்தில் கருப்பு மின்காப்பு நாடாவை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். டி.சி. வரம்பைவிட 10 டிகிரியாவது குறைவாக இருந்தால் வாங்கலாம். வரம்பை ஒட்டியிருந்தால் மின்னோட்டத்தைக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டினால், சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும், அந்த மாதிரி உங்கள் இடத்துக்கு உரியதன்று.

உத்தரவாதப் பத்திரத்தில் சூழல் வெப்பநிலை வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று கையொப்பமிடும் முன் படியுங்கள். ‘40 டிகிரிக்கு மேல் பயன்படுத்தினால் செல்லாது’ என்ற வரி உள்ள ஐந்தாண்டு உத்தரவாதம், கோடை வந்ததும் காலாவதியாகிவிடும். உங்கள் தாளில் முதலில் எழுதி வைத்த வெப்பநிலையை அந்தப் பத்திரத்தில் எழுத்தாகச் சேர்க்கச் சொல்லுங்கள். விளக்குகள் ஏறிய பின், ஒவ்வொரு மணற்புயல் பருவத்துக்கும் பிறகு மின்சாரத்தை நிறுத்தி, உடல் ஆறியதும் முதுகின் மணலைத் தூரிகையால் அகற்றி, கண்ணாடியை நீரூற்றி அலசிய பின்பே துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும்.